ஒரே கார், மூன்று பெயர்

பிரிட்டனில் சின்னதாக ஒரு பழைய கார் தேடுகிறவர்களைக் குழப்புவது டொயோட்டா அய்கோ, பியூஜோ 107, சிட்ரோன் சி1 என்ற மூன்று வண்டிகள். மூன்றும் ஒரே ஜாடை. விலை மட்டும் வேறு. செக் குடியரசின் கோலின் நகரில், டொயோட்டாவும் பியூஜோ-சிட்ரோன் குழுமமும் சேர்ந்து நடத்திய ஆலையில் 2005 முதல் உருவான உடன்பிறப்புகள் இவை. வித்தியாசம் பெரும்பாலும் முகப்பில்தான். மூன்றிலும் பெட்ரோல் இன்ஜின் டொயோட்டாவினுடையது: 998 சிசி, மூன்று சிலிண்டர். ஆகவே 2014க்கு முந்தைய வண்டிக்கு, டொயோட்டா முத்திரைக்கென்று கூடுதலாகப் பணம் கொடுப்பது வீண் என்பேன்.

2014இல் வந்த அடுத்த தலைமுறையில்தான் கவனம் வேண்டும். பியூஜோ 108, புதிய சி1 இரண்டிலும் பழைய 1 லிட்டர் இன்ஜினோடு, 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினும் வந்தது. அய்கோவில் அது கிடையாது. 1 லிட்டர் இன்ஜினில் வால்வுகளை இயக்குவது உலோகச் செயின். 1.2 லிட்டரில் ஆயிலில் நனைந்தபடியே ஓடும் ரப்பர் பெல்ட். குளிர்காலத்தில் கடைத்தெருவரை போய்த் திரும்பும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதில்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, பெல்ட்டை ஊறவைத்து உதிர்க்கும். அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயில் ஏறாது. “அம்மா ஓட்டியது, அதிகம் ஓடவில்லை” என்று விற்பவர் சொன்னால், இந்த இன்ஜினைப் பொறுத்தவரை அது நற்சான்று அல்ல. ஆயில் மாற்றியதற்கும் பெல்ட்டைச் சோதித்ததற்கும் ரசீது கேளுங்கள்.

முதல் தலைமுறைக்குப் பெரிய எதிரி மழை. பின்விளக்குகளைச் சுற்றியுள்ள ரப்பர் தளர்ந்தால் டிக்கிக்குள் தண்ணீர் இறங்கும். விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழிக்குள் கைவிட்டுப் பாருங்கள். ரப்பர் மாற்றுவது சின்ன வேலை. நெடுநாள் தேங்கிய தண்ணீர் பிடிக்கவைத்த துரு அப்படியல்ல. கிளட்ச் மிதியை ஏறக்குறைய முழுக்க விட்ட பிறகே வண்டி நகர்ந்தால், அந்தச் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

மூன்று வயதான கார்களுக்கு பிரிட்டனில் ஆண்டுதோறும் எம்ஓடி என்ற தகுதிச் சோதனை உண்டு. வண்டி எண்ணைக் கொடுத்தால், பழைய முடிவுகளையும் மைல் கணக்கையும் அரசின் இணையதளம் இலவசமாகக் காட்டும். தேறியதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கூடவே எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரே துருவை ஆண்டுதோறும் குறித்திருந்தால், யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று பொருள். வி5சி என்ற வண்டிப் பதிவு ஏட்டைச் சொத்துப் பத்திரம்போல நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பதிவுபெற்ற பொறுப்பாளர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். உரிமையாளர் வேறொருவராக இருக்கலாம். கடன் பாக்கி இருக்கிறதா என்பதைத் தனியே விசாரிக்க வேண்டும்.

லண்டன்வாசிகளுக்கு இன்னொரு கேள்வி: மாசுக் கட்டணம். 2023 ஆகஸ்ட் முதல் நகரம் முழுவதற்கும் பொருந்தும் அந்தத் தினசரி 12.50 பவுண்டு, யூரோ 4 தரத்துப் பெட்ரோல் வண்டிகளுக்குக் கிடையாது. இந்த மூன்றும் அதில் தேறும். டீசலுக்கு யூரோ 6 தரம் வேண்டும், இந்தக் குடும்பத்தின் பழைய டீசல் வண்டிகளுக்கு அது இல்லை.