கிட்னியைக் கெடுப்பது இனிப்பு நீர் மாத்திரையா?

நிபோங் திபால் - கலிடோனியா, பைராம் தோட்டப் பகுதிகளானாலும் சரி, பட்டணத்துத் தாமான்களானாலும் சரி, நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு: "மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டே கிட்னி போயிடுச்சு." இதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள், அடுத்து நாடுவது சப்ளிமென்ட் டப்பாவையோ ஜாமுவையோதான்.

இதை நாம் அலட்சியமாக விட முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனங்களிலும் நாமே முன்னணி.

அரசாங்க கிளினிக்கில் கொடுக்கப்படும் மெட்ஃபோர்மின் என்ன செய்கிறது? கல்லீரல் ரத்தத்தில் சேர்க்கும் சர்க்கரையைக் குறைக்கிறது. உடலில் சுரக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது. "அது கெமிக்கல், இது இயற்கை" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியைப் பற்றிய ஆய்விலிருந்து வந்ததுதான் மெட்ஃபோர்மின். பிரான்ஸ் மருத்துவர் ஷான் ஸ்டெர்ன் 1957இல் அதன் பயனை வெளியிட்டார்.

பழி எப்படி வந்தது? மெட்ஃபோர்மின் சிறுநீர் வழியாகவே உடலை விட்டு வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமானால் அது உடலில் தேங்கிவிடும் என்பதால் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். குடும்பத்தார் பார்ப்பது இதைத்தான்: மாத்திரை சாப்பிட்டார், கிட்னி கெட்டது, டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டியைச் சிதைத்தது பல ஆண்டுகளாகக் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் இனிப்பு நீர்தான்.

உண்மையில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மாத்திரைகள் வேறு. முட்டி வலி, இடுப்பு வலி என்று நாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இனிப்பு நீர் உள்ளவர் இவற்றை நாள்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து.

அதைவிட மோசம், பதிவு இல்லாத ஜாமு. சுகாதார அமைச்சு சோதித்த இத்தகைய பொருள்கள் பலவற்றில், லேபிளில் சொல்லப்படாத டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. சாப்பிட்ட சில நாளிலேயே வலி பறந்துவிடும், பசி எடுக்கும். "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடும். ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், முகம் உப்பும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாங்குமுன் டப்பாவில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஸ்டிக்கரையும் பாருங்கள். எண்ணின் கடைசி எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சுகாதார சப்ளிமென்ட். அந்த எண் இருப்பதால் அது இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று அர்த்தமில்லை. இனிப்பு நீரையோ சிறுநீரக நோயையோ குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் சொல்லி விற்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

எல்லா சப்ளிமென்ட்டும் வீண் என்பதல்ல. மெட்ஃபோர்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். கால் மரத்துப்போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவரே பி12 தருவார்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை, ஜாமு, சப்ளிமென்ட்டையும் ஒரு பையில் எடுத்துப் போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் புரதமும், ரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாடும் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பதை அந்தச் சோதனை முடிவைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம்.