ஒரே பெயரில் இரண்டு கிரேஃபிஷ்: பிரித்துப் பார்த்ததும் என்ன மாறியது?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வயோமிங் என்றொரு மாவட்டம் இருக்கு. அதே பெயரில் இருக்கும் மாநிலம் வேறு. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த இந்த மலை மாவட்டத்தில், பின்னக்கிள் கிரீக், கிளியர் ஃபோர்க் ஆகிய இரண்டே ஓடைகளில்தான் 2016-ல் கயண்டாட் ஆற்று கிரேஃபிஷ் இருப்பது தெரிந்திருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை அதை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தது. அது அந்த அளவுக்குக் குறைந்துபோனது ஏன் இத்தனை காலம் சரியாகத் தெரியவில்லை? காரணம் பெயர்க் குழப்பம்.

கிரேஃபிஷ் என்றால் என்ன?

பெயரில் ஃபிஷ் இருந்தாலும் மீன் இல்லை. கடலில் கிடைக்கும் சிங்கி இறாலின் நன்னீர்ச் சொந்தம்னு சொல்லலாம். முன்னால் ஒரு ஜோடி பெரிய கொடுக்கு இருக்கும். இந்தியாவில் இது இயற்கையாகக் கிடையாது. இங்கே மீன்தொட்டிக் கடைகளில் விற்பதெல்லாம் வெளிநாட்டு இனங்கள்.

கயண்டாட் கிரேஃபிஷ் சுமார் 7.5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம்தான். பச்சை கலந்த பழுப்பு முதுகு, நீல நிறக் கால்கள். வேகமாக ஓடும் நீரில், பெரிய பலகைக் கற்களுக்கு அடியில் இருக்கும் இடுக்குகளில் வாழும்.

குழப்பம் எங்கே?

1914-ல் வால்டர் ஃபேக்ஸன் இதற்கு காம்பரஸ் வெட்டரானஸ் என்று பெயர் வைத்தார். பக்கத்து பிக் சாண்டி ஆற்றுப் படுகையில், அதாவது கென்டக்கி, வர்ஜீனியா பக்கம் கிடைத்த கிரேஃபிஷும் இதே இனம்னு நீண்ட காலம் எண்ணப்பட்டது. இரண்டு ஆறுகளும் தனித்தனியாகப் போய் ஓஹையோ ஆற்றில் சேர்பவை.

2014-ல் ரோஜர் தோமா, சக்கரி லாஃப்மன், ஜேம்ஸ் ஃபெட்ஸ்னர் மூவரும் உடல் அமைப்பையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, இது இரண்டு இனம் என்று காட்டினார்கள். பிக் சாண்டி இனத்துக்கு காம்பரஸ் கலைனஸ் என்ற புதுப்பெயர் கிடைத்தது. அதன் மூக்கு முனை ஒடுங்கி நீண்டிருக்கும், கொடுக்கும் அப்படித்தான். கயண்டாட் இனத்துக்குக் கொடுக்கின் அசையாத விரலின் அடியில் பக்கவாட்டில் தெளிவான ஒரு பள்ளம் உண்டு. பிக் சாண்டியில் அது அவ்வளவு எடுப்பாக இருக்காது. கையில் எடுத்துப் பார்த்தாலும் பழக்கமில்லாதவருக்குப் பிடிபடாது. எந்த ஆற்றில் பிடித்தது என்பதுதான் எளிய அடையாளம். ஆனால் தூண்டில் இரைக்காக கிரேஃபிஷ்களை வாளியில் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடை போகிறவர்கள் இருக்கும்வரை, அதையும் முழுசா நம்ப முடியாது.

இதுல என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் கணக்கில் இருக்கு. ஒரே இனமாக எண்ணியபோது மூன்று மாநிலங்களில் பரவிய உயிரினம். பிரித்ததும், ஒன்று இரண்டு ஓடைகளுக்குச் சுருங்கிவிட்டது. பிக் சாண்டியின் எண்ணிக்கை, கயண்டாட்டின் இழப்பை மறைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் 2016 அறிவிப்பில் கயண்டாட்டுக்கு உச்சப் பாதுகாப்பு. பிக் சாண்டிக்கு ஒரு படி கீழே, ஆபத்தை எதிர்நோக்கும் இனம் என்ற நிலை.

ஆபத்து எது?

முக்கியமாக, வண்டல். சுரங்கம், மரம் வெட்டுதல், மண் சாலை, ஓடை ஓரமாக ஓட்டும் சாகச வாகனங்கள் என எல்லாவற்றிலிருந்தும் மழைக்கு மண் கரைந்து வருது. அது கல்லுக்கு அடியில் உள்ள இடுக்கை அடைத்துவிட்டால், தண்ணீர் ஓடினாலும் கிரேஃபிஷுக்கு வீடு இல்லை.

சட்டம் எவ்வளவு தூரம் போகும்?

2022-ல் இரண்டு இனங்களுக்கும் சேர்த்து சுமார் 717 கிலோமீட்டர் ஓடைகள் முக்கிய வாழிடமாக அறிவிக்கப்பட்டன. அதில் கயண்டாட்டின் பங்கு சுமார் 135 கிலோமீட்டர். இப்போது கிரேஃபிஷ் இல்லாத சில ஓடைகளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கு, திரும்பக் குடியேற இடம் வேண்டுமே. கூட்டாட்சி அரசு பணம் தரும் அல்லது அனுமதி தரும் வேலைகளுக்கு முன் வனவிலங்குத் துறையைக் கலந்துகொள்வது கட்டாயம். ஆனால் அந்த அரசுக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியார் நிலத்தில் நடக்கும் வேலையை வாழிட அறிவிப்பு கட்டுப்படுத்தாது. அங்கே ஒருவர் போடும் மண் சாலையின் சேறும் அதே ஓடைக்குத்தான் வந்து சேருது.