எல்லைக்கல்லும் எழுத்துப்பலகையும்



"தெலுங்குப் பிள்ளைகளோடு ஓயாமல் விளையாடினால் நம் குழந்தைகள் தமிழை மறந்துவிடுவார்களே" என்று திருப்பதியிலும் சித்தூரிலும் தாய்மார் பலர் வருந்தக் கேட்கிறேன். என் அனுபவம் இதற்கு மாறானது.

நகரிப் பகுதியின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம.பொ.சி. போன்றோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. நகரி இப்பாலேயே நின்றுவிட்டது.

விசைத்தறி வேலைக்காக என் தந்தையார் குடியேறியது அந்த நகரியை அடுத்த ஒரு சிற்றூரில். பேருந்து வராத ஊர். பள்ளியில் தெலுங்கு மட்டுமே. முதல் ஆண்டு முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. என்னை "அரவவாடு" என்று முதலில் கேலி செய்தவனே பின்னர் என் உயிர்த்தோழன் ஆனான். கரும்புத் தோட்டக்காரர் மகன். அவன் எனக்குத் தெலுங்கு எழுத்துகளைக் கற்பித்த இடம் பள்ளியன்று, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை! ஆங்கிலத்தில் 28 எழுத்துகள் கொண்ட பெயர். அதைப் படித்து முடித்தால் பாதி நெடுங்கணக்கு முடிந்துவிடும். ரயில்வே உத்தியோகத்தில் எனக்கு ஆசை பிறந்ததும் அங்கேதான் போலும்.

பதிலுக்கு அவன் தமிழ் கேட்டான். சினிமாச் சுவரொட்டி படிக்க வேண்டுமாம். எனக்கோ வீட்டில் அம்மா கற்பித்த அரைகுறைத் தமிழே தெரியும். "நான்கு ககரத்துக்கும் ஒரே எழுத்தா? எப்படிப் பிரித்து உச்சரிப்பது?" என்று அவன் மடக்குவான். விடை தேடி இரவில் அம்மாவிடம் ஓடுவேன். அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததால்தான் நான் தமிழைப் பிழையறக் கற்றேன். ழகரம் மட்டும் அவன் நாவில் ஏறவில்லை. "பளம்" என்றே சொல்வான். நம்மவரிற் பலர் சொல்வதும் அதுதானே!

ஒரு கோடையில் புளியமரத்திலிருந்து விழுந்து என் கை முறிந்தது. தந்தையார் ஊரில் இல்லை. அவன் தகப்பனார் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரயிலேறிப் புத்தூருக்கு அழைத்துச் சென்றார். முட்டை வெண்கருவும் பச்சிலையும் தடவி, மூங்கிற் பத்தை வைத்துக் கட்டும் புத்தூர்க் கட்டுக்காகத் தமிழகத்திலிருந்தும் மக்கள் அங்கே வருவது உங்களுக்குத் தெரியும். கட்டும்போது நான் "அம்மா" என்று அலறினேன். உடன் வந்த தோழனும் அழுதுகொண்டே "அம்மா" என்றான். அந்தச் சொல்லுக்கு இரு மொழியிலும் வேற்றுமை இல்லையே! கட்டுப் பிரிக்கும்வரை பள்ளியில் எனக்காக எழுதியவனும் அவனே.

இன்று அவன் புத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறான். கணக்கெல்லாம் தெலுங்கில்தான். என் பெயரிலுள்ள பற்றை மட்டும் தமிழில் எழுதி வைத்திருக்கிறான்.