பழைய பெரிய மாடல் ரயில் வாங்கலாமா? முதல்ல வோல்டேஜைப் பாருங்க!

காட்டாங்குளத்தூர் ஃப்ளாட் ஹாலில் பெரிய மாடல் ரயில் ஓடுமா? ஓடும். ஒன்றரை மீட்டர் இடம் போதும். ஜெர்மனியின் எல்ஜிபி 1968-ல் கொண்டுவந்த ‘ஜி ஸ்கேல்’ தண்டவாளத்தின் அகலம் 45 மி.மீ. மீட்டர் கேஜை 22.5 மடங்கு சுருக்கினால் வரும் அளவு. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 2004 வரை ஓடிய அதே கேஜ்! (எனக்குப் பிடிக்க அதுவே காரணம்.)

புதுசு விலை கையைக் கடிக்கும். செகண்ட் ஹேண்ட்தான் என் சாய்ஸ். பித்தளைத் தண்டவாளம் கறுத்திருந்தால் தேய்த்துக்கலாம், பேரமும் பேசலாம். இன்ஜின் அப்படியில்ல. ஓடுற வீடியோ கேளுங்க. பல்சக்கரம் தேய்ந்திருந்தால் மோட்டார் சுத்தும், வண்டி நகராது.

அமெரிக்காவிலிருந்து வரும் செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானது. டிராவல் அடாப்டர் மாட்டி நம்ம 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். அதை ஓரமா வெச்சுட்டு, இங்கேயே ஒரு டிசி பவர் சப்ளை வாங்கிக்கோங்க.