டெக்சாஸ் காணாத குளிரா?

வடக்கிலிருந்து கடும் வாடை இறங்கப்போகிறது என்று வானிலை அறிவிப்பு வந்தாலே டெக்சாஸில் 2021 பிப்ரவரிப் பேச்சு கிளம்பிவிடுகிறது. அப்போது கடுங்குளிரில் மின்சாரம் நின்று லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். கூடவே ஒரு சமாதானமும் வரும்: "வரலாறு காணாத குளிர், யார்தான் என்ன செய்திருக்க முடியும்?"

வரலாறு கண்டிருக்கிறது. ஹூஸ்டனில் 2021இல் பதிவானது சுமார் மைனஸ் 11 டிகிரி செல்சியஸ். 1989 டிசம்பரில் மைனஸ் 14. டல்லஸில் 2021இல் மைனஸ் 19 வரை இறங்கியது. 1899இல் அங்கேயே மைனஸ் 22. மாநிலம் முழுவதையும் ஒருசேரப் பிடித்துப் பல நாள் விடாமல் நின்றதில் 2021 கொடியதுதான், மறுக்கவில்லை.

காற்றாலைகள் உறைந்ததே காரணம் என்பது அடுத்த வாதம். ஆளுநர் கிரெக் அபாட்டே தொலைக்காட்சியில் அவற்றைக் கைகாட்டினார். சில உறைந்தன. ஆனால், எதிர்பாராமல் முடங்கிய மின் அலகுகளில் 58 சதவீதம் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை என்கிறது மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கை.

முன்கூட்டித் தெரியாது என்பதுதான் எனக்குப் பொறுக்காதது. 2011 பிப்ரவரியிலும் இதேபோல் குளிரில் மின்வெட்டு வந்தது. அதே ஆண்டு வந்த அறிக்கை நோயைத் துல்லியமாகச் சொன்னது. கொதிகலனின் அழுத்தத்தை அளக்க விரல் தடிமனில் ஒரு குழாய் போகும். அதில் தண்ணீர் ஓடாமல் நிற்கும், ஆகவே முதலில் உறைவது அதுதான். உறைந்தால் கருவி தப்பாகக் காட்டும். பழுதே இல்லாத ஆலை தானாக நின்றுவிடும். மருந்து, குழாயைச் சுற்றி வெப்பக்கம்பியும் காப்புறையும். ராக்கெட் விஞ்ஞானம் ஊறிய ஹூஸ்டனுக்கு இது எட்டாத வித்தையா? கட்டாயச் சட்டம் இல்லை, ஆகவே பலர் செய்யவில்லை.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. மின்சாரத்தை வெட்டியபோது எரிவாயு அனுப்பும் நிலையங்களுக்கும் சேர்த்து வெட்டினார்கள். அவை அத்தியாவசிய இணைப்புகள் என்று பதிவாகியிருக்கவில்லை. வாயு குறைந்தது, மின் உற்பத்தி இன்னும் சரிந்தது. இதற்கும் வாடைக்காற்றா பொறுப்பு?

செலவு கட்டுப்படியாகாது என்போர் எல் பாசோவைப் பார்க்கலாம். 2011இல் அடிபட்ட அந்த ஊர், ஆலைகளைக் குளிருக்குத் தயார் செய்தது. அங்கே 2021இல் குளிர் சற்று மிதம்தான், பக்கத்து மாநிலங்களோடு மின்தொடர்பும் உண்டு. இருந்தாலும் பெரிய இருட்டு வரவில்லை. பேரழிவுக்குப் பிறகு 2021 ஜூனில் மாநிலமே ஆலைகளுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கியது. 2022 டிசம்பரில் மீண்டும் உறைகுளிர் இறங்கியபோது, மாநில மின்கட்டமைப்பு சுழற்சி முறை மின்வெட்டுக்குப் போகவே இல்லை.