முதலில் நாலு பேரைத் தேடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எந்த சாப்ட்வேரை முதலில் போட வேண்டும்?" என்பதுதான். என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சாப்ட்வேர் பிறகு, முதலில் கம்ப்யூட்டரில் ஆர்வம் உள்ள நாலு பேரைத் தேடுங்கள்.

இதை நான் உணர்ந்தது ஏற்காட்டில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய், ஒண்டிக்கடை அருகே ஒரு ஓட்டல் மாடியில் பன்னிரண்டு பேர் கூடினோம். வலைப்பூ எழுதும் இருவர், ஒரு பள்ளி ஆசிரியை, மொபைல் சர்வீஸ் செய்யும் இளைஞர், காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் எனப் பலவிதமானவர்கள். மேடை, மைக் எதுவும் இல்லை. இரவுச் சாப்பாட்டுச் செலவை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொண்டோம்.

பெரியவர் புது லேப்டாப்புடன் வந்திருந்தார். எந்த மாதம் எவ்வளவு மழை, எந்த மழைக்குக் காப்பி பூத்தது என்று பத்து வருடங்களாகத் தமிழில் டைப் செய்து வைத்த குறிப்புகள், அதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. "வைரஸ் வந்துவிட்டது, அழித்துவிடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். நாளைக்கு அழிக்கப் போகிறேன்" என்றார்.

ஆசிரியை எட்டிப் பார்த்தார். "ஐயா, கொஞ்சம் பொறுங்க. இது வைரஸ் இல்லை, பாமினி பாண்ட்!"

யூனிகோட் பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய பாமினி போன்ற பாண்ட்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்திருந்தன. அந்தப் பாண்ட் இல்லாத கம்ப்யூட்டர், எண்ணுக்கு உரிய ஆங்கில எழுத்தையே காட்டும். பைல் கெடவில்லை. பாண்டை இன்ஸ்டால் செய்தால் படிக்கலாம். மொபைலுக்கு அனுப்பவும், தமிழில் தேடவும் வேண்டுமானால், கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றிட வேண்டும். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே தனி இடம் தரப்பட்டது. தமிழக அரசும் 2010ல் அதை ஏற்றது. ஆனால் நம் பழைய பைல்கள் தாமாக மாறிவிடாதே!

சாப்பாடு முடிவதற்குள் முதல் பைல் தமிழில் வந்துவிட்டது. பெரியவர் மழைக் கணக்கை வாய்விட்டுப் படித்தார்.

"இதையெல்லாம் இன்டர்நெட்டில் தேடினால் கிடைக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும். ஆனால் தேடுவதற்குப் பிரச்னையின் பெயர் தெரிய வேண்டுமே! 'பாமினி' என்ற சொல்லே அவருக்கு நினைவில் இல்லை. அவர் 'வைரஸ்' என்று தேடியிருந்தால் அழிக்கும் வழிதான் கிடைத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவர்தான் பெயரைச் சொல்ல முடியும்.

இது புதிய விஷயம் அல்ல. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் ஆர்வலர்கள் சிலர் கூடி ஆரம்பித்ததுதான் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப். அங்கே வந்து போன ஸ்டீவ் வோஸ்னியாக், தன் ஆப்பிள் 1 கம்ப்யூட்டரை அந்த நண்பர்களிடம்தான் காட்டினார். நம் சென்னையில் 2006 செப்டம்பரில் டைடல் பார்க்கில் பிளாக் கேம்ப் நடந்தது. வந்தவர்களே பேசுவதும், வந்தவர்களே கேட்பதும் அதன் முறை.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். யாராவது உங்கள் கம்ப்யூட்டரைத் தொடும் முன், முக்கியமான பைல்களை வேறொரு டிரைவில் பேக் அப் எடுத்திடுங்கள். பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்திடுங்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சொல்லிவிட வேண்டாம். பேங்க் விவரங்கள் பேச்சிலேயே வரக் கூடாது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் இல்லையா? நீங்களே ஆரம்பியுங்கள். மாதம் ஒரு நாள், நாலு பேர், ஆளுக்கு ஒரு டீ போதும். அழிக்க நினைத்திருக்கும் பைலை மட்டும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.