பனி விலகும் முன்பே பரிமாறப்படும் முதல் பந்தி: 'பூனைக்குட்டி' வில்லோ!

மார்ச் மாதக் கடைசி. கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஓடைக்கரை. தரையில் இன்னும் பனி கிடக்கிறது. எந்த மரத்திலும் ஓர் இலை கிடையாது. ஆனால், ஒரே ஒரு புதரில் மட்டும் குச்சிகள் நெடுக, வெள்ளி நிறத்தில் பஞ்சு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொட்டால் பூனைக்குட்டியின் பாதம் மாதிரி மெத்தென்று இருக்கும். அதனால்தான் இதற்கு 'புஸ்ஸி வில்லோ' என்று பெயர். 'புஸ்ஸி' என்றால் ஆங்கிலத்தில் செல்லப் பூனை.

மரம் அல்ல, புதர்!

வில்லோ என்றதும், குளக்கரையில் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கும் பெரிய மரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது சீனாவிலிருந்து வந்த வேறு இனம். இது கனடாவுக்கும் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் சொந்தமான செடி. அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளம்பி, அதிகபட்சம் 20 அடி உயரம் வரை வளரும். ஈரமான மண் என்றால் இதற்குக் கொண்டாட்டம்.

தாவரவியல் பெயர் சாலிக்ஸ் டிஸ்கலர். இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் வெளிறிய சாம்பல். இந்த இரண்டு நிறத்தைத்தான் 'டிஸ்கலர்' என்ற சொல் குறிக்கிறது. நம் ஊர் ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலையும் இதே சாலிக்ஸ் இனம்தான்.

பூவுக்கு ஒரு கம்பளி

அந்தப் பஞ்சு உருண்டை ஒரு பூ அல்ல. இதழே இல்லாத குட்டிக் குட்டிப் பூக்களின் கொத்து. குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு செதில், தொப்பி போல மொட்டை மூடியிருக்கும். அது கழன்றதும் வெள்ளி ரோமம் வெளியே தெரியும். வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்து உள்ளே இருக்கும் பூக்களைக் காப்பது இந்த ரோமம்தான்.

பனையைப் போல இதிலும் ஆண் தனி, பெண் தனி. ஆண் செடியின் கொத்து மகரந்தத்தால் மஞ்சளாக மாறும். பெண் செடியின் கொத்து பச்சையாகி, பிறகு பஞ்சு விதைகளைக் காற்றில் பறக்கவிடும். தேன் இரண்டிலும் உண்டு.

பசியோடு எழும் ராணி

இவ்வளவு அவசரமாக ஏன் பூக்க வேண்டும்? அங்கே பம்பிள் தேனீக்களின் கூட்டம் குளிர் வருவதற்குள் மொத்தமாக இறந்துவிடும். இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் புதைந்து தூங்கும். வசந்தத்தில் பசியோடு எழுந்து வரும் ராணி, தனியாளாகக் கூடு கட்டி முட்டையிட வேண்டும். பறக்கத் தேன் வேண்டும், முட்டைக்கும் குஞ்சுகளுக்கும் மகரந்தம் வேண்டும். அந்த நாள்களில் வேறு பூக்கள் அரிது. இந்தப் புதர் வைக்கும் பந்திதான் அதற்குக் கைகொடுக்கிறது. வில்லோ மகரந்தத்தை மட்டுமே நம்பி வாழும் சிறு மண் தேனீக்களும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், அதே வாரங்களில்தான் மனிதர்களும் கத்தரிக்கோலோடு வருகிறார்கள். பூச்சாடியில் வைக்க இந்தக் குச்சிகளுக்கு அங்கே ஏகக் கிராக்கி. கனடாவில் வாழும் உக்ரேனிய வம்சாவளியினர், குருத்தோலை ஞாயிறன்று ஓலைக்குப் பதில் இந்தக் கிளைகளைத்தான் கையில் ஏந்துகிறார்கள். ஒரு புதரை மொட்டையடித்தால், அந்த ஆண்டு அங்கே தேனீக்களுக்குப் பந்தி இல்லை. பல புதர்களிலிருந்து இரண்டிரண்டு குச்சி எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாங்கும்போது கவனம்

ஐரோப்பாவின் சாம்பல் நிற வில்லோ, பார்க்க அச்சு அசல் இதைப் போலவே இருக்கும். அமெரிக்காவின் வடகிழக்கில் அது குளக்கரைகளில் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு வயதுக் குச்சியின் பட்டையை உரித்துப் பாருங்கள். உள்ளே கட்டையில் நீள நீளமான மேடுகள் தெரிந்தால் அது ஐரோப்பியச் செடி. வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் உள்ளூர்ச் செடி. நடும்போது கழிவுநீர்க் குழாயிலிருந்து தள்ளியே நடவேண்டும். ஈரத்தைத் தேடி வேர் குழாய்க்குள் புகுந்துவிடும்.

பூச்சாடியில் வைத்த குச்சியைத் தூக்கிப் போடவும் தேவையில்லை. தண்டுக்குள்ளேயே வேருக்கான முனைகள் தயாராக இருப்பதால், தண்ணீரில் வைத்த சில வாரங்களில் வேர்விடும். அதை ஈரமான மண்ணில் ஊன்றினால் போதும். வெட்டிய கிளைக்கு ஈடாக, ராணித் தேனீக்கு இன்னொரு பந்தி தயார்!